ஓரோமோவின் சி, கியூ, எக்ஸ்: இந்த ஒலிகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஜிம்மாவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். எத்தியோப்பியாவுக்குப் பணிக்கு வரும் நம்மூர் ஆசிரியர்களுக்காக, அங்குள்ள ஓரோமோ மொழியின் எழுத்தான குபே பற்றி ஒரு கையேடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 1991-இல் ஏற்கப்பட்ட இலத்தீன் எழுத்து இது. பாதிப் பாடம் நமக்குச் சுலபம்: 'லஃப' நிலம், 'லாஃபா' மென்மையானது. உயிரெழுத்தை இருமுறை எழுதினால் நெடில், அவ்வளவுதான்.

சிக்கல் சி, கியூ, எக்ஸ், பிஎச் நான்கிலும்தான். டெஃப் தானியத்தின் பெயர் எக்ஸில் தொடங்கும். ஒலி தகரத்துக்குப் பக்கம். நம்மவர்கள் 'க்ஸாஃபி' என்கிறார்கள். ஓரோமியா மாநில மன்றத்தின் பெயர் 'Caffee'; சகரம் போன்ற ஒலியில் தொடங்கும். சி-யைப் பார்த்துவிட்டுக் காபிக்கடை என்று படிக்கிறார்கள்! குரல்வளையை மூடி மேலே தூக்கி, நுரையீரல் காற்றில்லாமல், வாய்க்குள் அடைபட்ட காற்றை மட்டும் வெடிக்கவிடும் ஒலிகள் இவை. எஜெக்டிவ் என்பார்கள். 'உந்தொலி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து:

வேண்டாம் ஐயா. ஒலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியல் தொடங்குவதே "உந்தி முதலா முந்துவளி தோன்றி" என்றுதான். அங்கே உந்தி கொப்பூழ். கீழிருந்து காற்றே எழாத ஒலிக்குப் போய் இந்தப் பெயரா? தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு என மூன்றிடம் சொல்கிறாரே தொல்காப்பியர், 'மிடற்றொலி' என்க. உந்து, உதை, உதறு, ஏன் உதடுகூட ஒரே வேராக இருக்கலாம் என்பது என் எண்ணம்; தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:

மிடற்றொலி என்றால் ஹகரமும் உள்ளே வந்துவிடும். போதாக்குறைக்கு குபேயில் ஹுதா என்று ஒற்றை மேற்கோள்குறி போன்ற ஒரு குறி உண்டு. அசல் மிடற்றடைப்பு அதுதான். 'தெறிப்பொலி' எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்து:

நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒளித்தெறிப்பு படித்த ஆட்கள் தம்பி. தெறிப்பொலி என்றால் எங்கள் பிள்ளைகள் எதிரொலி என்றே நினைப்பார்கள். எஜெக்டிவ் என்றே விடுங்கோ.

திருச்சியிலிருந்து:

பேச்சு விலகுகிறது, ஆனாலும் கேட்கிறேன். 1899-இல் ஒனேசிமோஸ் நெசிப் வெளியிட்ட ஓரோமோ விவிலியம் எத்தியோப்பிய எழுத்தில்தானே வந்தது? அதில் இந்த ஒலிகளுக்குத் தனி எழுத்தே உண்டே, ஏன் விட்டார்கள்?

ஜிம்மாவிலிருந்து:

அரசியல் காரணம் பெரிது. அது தனி இழை. எழுத்தளவில் சொன்னால், எத்தியோப்பிய முறையில் ஓர் எழுத்துக்கு ஏழு உயிர் வடிவம். ஓரோமோவில் குறில் ஐந்து, நெடில் ஐந்து. மெய் இரட்டிப்பதைக் காட்டவும் வழியில்லை. இலத்தீனில் அது தீர்ந்தது, ஆனால் இந்த ஒலிகளுக்கு எழுத்து இல்லை. கையில் சும்மா கிடந்த கியூவையும் எக்ஸையும் வேலைக்கு வைத்தார்கள்.

பெயருக்கு வருவோம். பேருந்திலும் உந்து இருக்கிறது. ஏறும்போது யாருக்கும் கொப்பூழ் நினைவு வருவதில்லை. தனி மடலில் மூவர் 'ஏதோ ஒன்றைப் போடுங்கள்' என்றுவிட்டார்கள். 'உந்தொலி (எஜெக்டிவ்)' என்றே அனுப்புகிறேன்.

மதுரையிலிருந்து:

அனுப்புங்கள், என் மறுப்பு மறுப்புதான். அப்புறம், டிஎச் எழுத்துக்கு என்ன செய்வதாக உத்தேசம்? அதில் காற்று உள்ளே போகிறது. 'உள்ளுந்தொலி' என்பீர்களோ?