புது பி850 போர்டா, பழைய பி650-யா?

கேள்வி (கணினிப்பித்தன்):
ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸ் ப்ராசசர் வாங்கப் போகிறேன். அதற்கான மதர்போர்டுகளில் பி850 புதுசு, பி650 விலை குறைவு. புது போர்டில் ஆரம்பகாலக் கோளாறு வருமா?

சாலிடர்:
பெயர்தான் புதுசு. இரண்டிலும் ஒரே ப்ரோமன்டரி 21 சிப்செட் (போர்டின் இணைப்புகளைக் கவனிக்கும் சிப்). இந்தப் போர்டுகளில் ப்ராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டின் பாலாரிஷ்டம் பெரும்பாலும் 2022, 2023-லேயே கழிந்துவிட்டது. அப்போது மெமரி டிரெய்னிங்குக்கே (போர்டு ரேமுக்கு ஏற்ப தன்னைச் சரிசெய்துகொள்வது) பல நிமிடம் ஆகும். ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டால் சில போர்டுகள் ப்ராசசருக்குள் போகும் எஸ்ஓசி வோல்டேஜைக் கண்டபடி ஏற்றி, 7800எக்ஸ்3டி போன்ற ப்ராசசர்கள் கருகின. 2023-இல் வந்த பயாஸ்கள் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அந்த வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டன.

ஓம்விதி:
உங்களுக்கு ஆபத்து பழைய போர்டில்தான். கடையில் வெகுநாள் கிடந்த பி650-இல் பழைய பயாஸ் இருந்தால் 9700எக்ஸை அடையாளம் காணாது, திரை கறுப்பாகவே நிற்கும். ப்ராசசர் ஓடாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, கையேடு சொல்லும் பெயரில் புது பயாஸ் ஃபைலைப் போட்டு, போர்டில் அதற்கெனக் குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முன் போர்டின் 24 பின், 8 பின் மின்இணைப்பு இரண்டும் கொடுத்திருக்க வேண்டும். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை மின்சாரம் போகக் கூடாது. யுபிஎஸ் இருந்தால் நல்லது.

கணினிப்பித்தன்:
நன்றி. ரேம் 16 ஜிபி நான்கு போடலாமா?

சாலிடர்:
வேண்டாம் ப்ரோ. நான்கு போட்டால் ரேமின் அதிகாரபூர்வ வேகம் 3600 எம்டி/நொடிதான். 32 ஜிபி இரண்டு போடுங்கள்: வேகம் 6000, தாமத அளவு சிஎல்30, போர்டில் ஏ2, பி2 என்று குறித்த ஸ்லாட்டுகளில். முதல் பூட்டில் மெமரி டிரெய்னிங் நடக்கும்; திரை வராவிட்டாலும் பத்து நிமிடம் பொறுங்கள், அணைக்காதீர்கள்.