வேக் ஷேப்பர்: தமிழில் என்ன சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நீர் விளையாட்டுகள் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீர்ச்சறுக்கு வரை தடையில்லாமல் ஓடியது. வேக் சர்ஃபிங் வந்ததும் நின்றுவிட்டது. படகு ஓடும்போது பின்னால் எழும் அலையில் (அதுதான் 'வேக்'), கயிற்றைக்கூட விட்டுவிட்டு, பலகை மேல் நின்று சறுக்கும் விளையாட்டு இது. அந்த அலையை வாகாக மாற்றுவதற்கு, கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு தகட்டைப் படகின் பின்பக்கம் பொருத்துகிறார்கள். வேக் ஷேப்பர், வேக் என்ஹான்ஸர், சர்ஃப் டேப் என்று ஆளுக்கொரு பெயர். அதை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பராமரிப்பது என்று ஒரு முழு இயல் எழுத வேண்டும். பெயரே இல்லாமல் எப்படி எழுதுவது?

என் கைவசம் உள்ளவை: பின்னலைப்பெருக்கி, அலையூக்கி, அலைச்செதுக்கி. முதலாவதற்கே என் ஓட்டு. உங்கள் கருத்து?

கோவையிலிருந்து

———

> முதலாவதற்கே என் ஓட்டு.

ஐயா, ஒரு சின்னச் சிக்கல். 'பின்னலை' என்று தனியாக எழுதிப் பாருங்கள். பள்ளிக்குப் போகும் பெண் பின்னலை முடிந்துகொண்டாள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். சரி, படகு போன தடத்தில் எழும் அலைதானே, 'தட அலை' என்போம் என்றால் புணர்ச்சியில் 'தடவலை' ஆகிவிடும். அது வலையா, தடவலா என்று அடுத்த குழப்பம். சுவடு + அலை = சுவட்டலை. இதில் வேறு பொருள் எதுவும் குறுக்கிடவில்லை. கருவிக்கு என்ன பெயர் என்பதைப் படகு தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குக் கல்லணைக் கால்வாயைத் தவிர வேறு நீர் தெரியாது.

தஞ்சாவூர்

———

அனைவருக்கும் வணக்கம்.

நான் டெக்சாஸில் ஓர் ஏரிக்கரைப் படகுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். கோடை முழுக்க இந்தத் தகடுகளோடுதான் மல்லுக்கட்டு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இந்தக் கருவி அலையைப் 'பெருக்குவதில்லை'. 'என்ஹான்ஸ்' என்பது விற்பவர் சொல். தண்ணீரில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வேறு கதை.

படகு ஓடும்போது அதன் உடல் நீரைப் பிளந்து இரு பக்கமும் தள்ளுகிறது. படகு கடந்ததும் பின்னால் ஒரு பள்ளம். இரு பக்கத்து நீரும் அதை நிரப்ப உள்ளே பாய்ந்து நடுவில் மோதிக்கொள்கின்றன. மோதும் இடத்தில் நுரையும் கொந்தளிப்பும்தான் மிஞ்சும். அதில் யாரும் சறுக்க முடியாது. வலப்பக்கம் ஒரு தகட்டை வெளியே நீட்டினால் அந்தப் பக்கத்து நீர் சற்று விலகி, தாமதமாக உள்ளே வருகிறது. அதற்குள் இடப்பக்கத்து அலை மோதல் இல்லாமல் முழு வடிவம் எடுத்து, வழவழப்பாக நீளமாக எழுகிறது. அதாவது தகடு ஒரு பக்கம், பலன் மறுபக்கம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். சில படகுகளில் திரையில் 'இடம்' என்று தொட்டால் வலத் தகடு விரியும். அந்தப் பொத்தான் அலையைச் சொல்கிறது, தகட்டை அல்ல. கையேட்டில் 'இட அலை', 'வல மடல்' என்று ஒவ்வொரு முறையும் பிரித்து எழுதாவிட்டால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

('மடல்' என்று எழுதிவிட்டேன் பார்த்தீர்களா. அதற்கு வருகிறேன்.)

இந்தத் தகடு வருவதற்கு முன் என்ன செய்தார்கள் என்றால், அலை வேண்டிய பக்கத்தில் தண்ணீர்ப் பைகளை நிரப்பி, ஏறியவர்களையும் அதே பக்கம் உட்காரவைத்துப் படகையே சாய்த்து ஓட்டினார்கள். இடது காலை முன்வைத்து நிற்பவருக்கு இடப்பக்க அலை வசதி, வலது காலை முன்வைப்பவருக்கு வலப்பக்கம். ஆள் மாறினால் பைகளைக் காலிசெய்து மறுபக்கம் நிரப்பி, விருந்தாளிகளையும் எழுப்பி இடம் மாற்ற வேண்டும். 2013 மாடல் படகுகளில் மாலிபு நிறுவனம் 'சர்ஃப் கேட்' கொண்டுவந்த பிறகு அந்தக் கூத்து குறைந்தது. இப்போது படகு நிமிர்ந்தே ஓடுகிறது. சில நொடிகளில் அலை பக்கம் மாறுகிறது. சறுக்கிக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுகிறவர்களும் உண்டு. சர்ஃப் கேட் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் என்பதால் 'அலைக்கதவு' என்று அதையே மொழிபெயர்த்துப் பொதுச்சொல்லாக வைப்பது சரியல்ல.

இரண்டாவது விஷயம், இவை ஒரே கருவி அல்ல. பக்கத்தில் விரியும் தகடு நான் மேலே சொன்னது. நடுவில் ஒரு தகடு இருக்கும். அதைக் கீழே இறக்கினால் படகின் பின்பக்கம் மேலே எழும்பி, அலை உயரம் தணிந்து நீளமாகும். மேலே ஏற்றினால் பின்பக்கம் அமிழ்ந்து அலை செங்குத்தாக, நீளம் குறைந்து எழும். இப்போது சொல்லுங்கள், நடுத்தகட்டை இறக்கும்போது அலையின் உயரம் குறைகிறது. அதற்குப் போய் 'பெருக்கி' என்று பெயர் வைத்தால்?

மூன்றாவது, தகடே அல்ல. நீருக்குள் இறங்கும் ஒரு சிறகு. விமானச் சிறகு மேலே தூக்குகிறது என்றால் இது படகின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கிறது. வெட்ஜ் என்பார்கள். அகராதியைப் பார்த்து 'ஆப்பு' என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். 'ஓட்டுநர் படகுக்கு ஆப்பு வைக்கவும்' என்று கையேட்டில் வந்தால் நான் பொறுப்பல்ல.

என் பரிந்துரை: முதல் இரண்டுக்கும் அலைமடல். பக்க மடல், நடு மடல் என்று பிரிக்கலாம். மூன்றாவதற்குத் தாழ்சிறகு. காதுமடல், தாழை மடல், எல்லாமே ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மறு ஓரத்தில் விரிபவை. கதவு போலக் கீலில் ஆடும் தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விரி, மடக்கு என்ற வினைகளும் கூடவே வருகின்றன.

டெக்சாஸ்

———

> இந்தக் கருவி அலையைப் 'பெருக்குவதில்லை'.

மாற்றுக் கருத்து. பட்டறையில் அப்படி இருக்கலாம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியில், அலையைப் பெரிதாக்கும் தொட்டி, பை, பிற கருவிகள் உள்ள படகைத்தான் வேக் படகு என்கிறார்கள். இந்த விளையாட்டுக்குக் கரையிலிருந்து 500 அடி தள்ளியிருக்க வேண்டும், ஆழம் 20 அடியாவது வேண்டும், தொடர்ச்சியாக 50 ஏக்கர் பரப்பு வேண்டும். இவையெல்லாம் அலை பெரிதாவதால் வந்த கட்டுப்பாடுகள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆந்தனி ஃபால்ஸ் ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட அளவீட்டிலும், சாதாரணப் படகின் அலையளவுக்கு இந்த அலை தணிய 500 அடிக்கு மேல் ஆகிறது என்றுதான் வந்தது. கரையில் வீடு வைத்திருப்பவரிடம் 'இது பெருக்கி அல்ல, மடல்' என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்.

இன்னொன்று, 'அலைமடல்' என்றால் நம் குழுவில் எல்லோரும் மின்னஞ்சல் என்றே நினைப்பார்கள். மின்மடல், அலைமடல், வித்தியாசம் என்ன?

பாஸ்டன்

———

நான் தூத்துக்குடிக்காரன். சொல் மட்டும் சேர்க்க வந்தேன்.

எல்லோரும் 'படகின் பின்பக்கம், பின்பக்கம்' என்றே எழுதுகிறீர்கள். முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்ற சொற்கள் இருக்கின்றனவே. அமரம் அமிழ்கிறது, அணியம் தூக்குகிறது என்று எழுதினால் ஒரு வரி மிச்சம். ஏற்கெனவே சுக்கான் இருக்கிறது, நங்கூரம் இருக்கிறது. கலைச்சொல் ஆக்குவதற்கு முன் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்கள் அலையைக் கிளப்ப ஒரு கருவியா என்று கேட்டுச் சிரிப்பார்கள், அது வேறு விஷயம்.

———

பாஸ்டன் நண்பருக்கு.

சட்டம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் சட்டம் சொல்வது மொத்தத் தொகுப்பை. அலையின் பருமனுக்கு முக்கியக் காரணம் எடைதான். பெரிய படகுகளில் தொட்டிகளில் ஏற்றும் நீர் மட்டும் ஆயிரம் கிலோவைத் தாண்டும். படகு எவ்வளவு நீரை இடம்பெயர்க்கிறதோ அவ்வளவு அலை. வேகமும் அப்படி: மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வரை, அதாவது நீரின் மேல் வழுக்கியும் ஓடாமல், நிதானமாகவும் போகாமல் திணறும் வேகம். அந்த வேகத்தில் படகு எப்போதும் தன் அலைமேட்டிலேயே ஏறிக்கொண்டிருக்கும். மடல் அந்த அலைக்கு வடிவம் தருகிறது. எனவே தொட்டி, பை, சிறகு, மடல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில், விதிமுறை பற்றிய பத்தியில், 'அலைபெருக்கிகள்' என்று தாராளமாக எழுதலாம். பராமரிப்பு இயலில் அது உதவாது. 'அலைபெருக்கியைத் துடைக்கவும்' என்றால் எதை?

> மின்மடல், அலைமடல், வித்தியாசம் என்ன?

சொல்லைத் தனியாக வைத்துப் பார்த்தால் எந்தச் சொல்லும் குழம்பும். நான் ஒரு சொல்லைச் சோதிப்பது வாக்கியத்தில் வைத்து. கையேட்டில் வரப்போகும் வரிகளையே எழுதிப் பார்த்தேன்:

"படகைப் பின்னோக்கிச் செலுத்தும் முன் மடல்களை மடக்கவும். விரிந்த மடலின் முதுகில் நீர் மோதினால் கீலும் தள்ளுதண்டும் வளையக்கூடும்."

"இழுவண்டியில் ஏற்றும் முன் மடல்கள் முழுக்க மடங்கியுள்ளனவா என்று பார்க்கவும்."

"ஏரியில் இறக்கும் முன், ஒருவர் பொத்தானை இயக்க, மற்றவர் அமரத்தின் பின்னால் சற்றுத் தள்ளி நின்று இரு மடல்களும் ஒரே அளவு விரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். கீலருகே கை வைக்கக் கூடாது."

எங்கேயாவது மின்னஞ்சல் நினைவு வந்ததா? எனக்கு வரவில்லை. இங்கே அமரம் என்ற சொல்லும் தன்னால் உட்கார்ந்துவிட்டது, தூத்துக்குடி அண்ணாச்சிக்கு நன்றி.

தள்ளுதண்டு என்றது ஆக்சுவேட்டரை. பட்டறைக்கு வரும் புகாரில் பெரும்பகுதி மடலில் இல்லை, இதில்தான். குழாய்க்குள் அடைத்த ஒரு சிறு மோட்டார், அதை நீர் புகாமல் காப்பது ஒரு ரப்பர் வளையம். வளையம் தேய்ந்தால் நீர் கசியும். முதலில் மடல் மெதுவாக அசையும், அப்புறம் ஃபியூஸ் எரியும், அப்புறம் அசையவே அசையாது. திரையில் மட்டும் 'விரிந்துள்ளது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். புதுத் தள்ளுதண்டு மாட்டினால் எந்த நிலை பூஜ்யம், எது முழு விரிவு என்று திரைக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஏரிக்குப் போய், 'ஒரு பக்கம் அலையே வரவில்லை' என்று திரும்பி வருவார்கள்.

உப்புநீரில் ஓட்டுபவர்கள் நிறுத்தும்போது மடலை மடக்கியே வைக்க வேண்டும். தண்டு வெளியே நீண்டு நின்றால் அதில் சிப்பி ஒட்டும். சிப்பியோடு உள்ளே இழுத்தால் ரப்பர் வளையம் கிழிந்துவிடும்.

கோவை ஐயா, இன்னொரு வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய படகில் மடல் கிடையாது. கடையில் வாங்கி, படகின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் வகை. கண்ணாடிக் கடையில் பெரிய கண்ணாடியைத் தூக்குவார்களே, அதே போன்ற ரப்பர் உறிஞ்சுபிடிகள் இதன் முதுகில். எந்தப் பக்கம் அலை வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம், அமரத்தை ஒட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே ஒட்ட வேண்டும். ஏரி நீர் படிந்த மெல்லிய வழுவழுப்பு கையில் தட்டுப்படாது, ஆனால் பிடிமானத்தைக் கெடுப்பது அதுதான். சோப்பு நீரில் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் மேலோ, இணைப்புக் கோட்டின் மேலோ ஒட்டினால் காற்று புகுந்து கழன்றுவிடும். கூடவே வரும் கயிற்றைக் கட்டாயம் படகில் கட்ட வேண்டும். கழன்றால் பின்னால் சறுக்குகிறவர் மேல் போய் மோதாத அளவு குட்டையாக. சறுக்கு முடிந்து வேகம் எடுப்பதற்கு முன் கழற்றிவிட வேண்டும். வெயிலில் போட்டுவைத்தால் ரப்பர் இறுகி அடுத்த கோடைக்குப் பயன்படாது. இதற்கு ஒட்டுமடல் என்று எழுதினால் போதும்.

ஒட்டுமடல் எளிதாகக் கிடைப்பதால் வெளிமோட்டார் படகிலும் சிலர் மாட்டப் பார்க்கிறார்கள். கையேட்டில் அதைப் பெரிய எழுத்தில் தடுத்துவிடுங்கள். வேக் சர்ஃபிங்கில் ஆள் படகுக்குப் பத்தடி அளவில் நிற்கிறார். அமரத்துக்குப் பின்னால் சுழலி (புரொப்பெல்லர்) சுற்றும் படகில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சுழலி அமரத்துக்கு முன்னால், படகின் அடியில் இருக்க வேண்டும். புகை விஷயமும் உண்டு: மெதுவாக ஓடும் படகின் பின்னால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அமரத்து மேடையில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது.

டெக்சாஸ்

———

பக்க மடல், நடு மடல், ஒட்டுமடல், தாழ்சிறகு: நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். அலைக்குச் சுவட்டலை. சட்டப் பத்தியில் அலைபெருக்கிகள். பாஸ்டன் நண்பர் இன்னும் 'அலைமடல்' பற்றி முகம் சுளிக்கலாம். முதல் முறை மட்டும் முழுதாக 'அலைமடல்' என்று எழுதிவிட்டு, பிறகு 'மடல்' என்றே விட்டுவிடுகிறேன்.

நீர்த்தொட்டிக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை. 'பேலஸ்ட்' என்பதற்கு 'அடிச்சுமை' என்று ஓர் அகராதியில் பார்த்தேன். ஆனால் இங்கே சுமை அடியில் மட்டும் இல்லை, பக்கத்திலும் அணியத்திலும் இருக்கிறது. அதோடு, ஓர் ஏரியின் நீரைத் தொட்டியில் தேக்கி மறு ஏரிக்குக் கொண்டுபோனால் ஏரிகளில் பரவிக் கெடுதல் செய்யும் வரிக்குதிரைச் சிப்பியின் குஞ்சுகளும் கூடவே போகும் என்பதால், தொட்டியைக் காலிசெய்து கழுவி உலர்த்துவது பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி அண்ணாச்சி, வெறும் படகு ஆடாமலிருக்க எடை ஏற்றுவதற்கு உங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள்?

கோவை