ஏரிக்கரை கோல்ஃப்: ஹார்டிங் பார்க்கில் எங்களோடு ஆடியவர்கள்

மேற்குக்கரை:

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் ஹார்டிங் பார்க் கோல்ஃப் மைதானத்தைப் பற்றி எழுதச் சொல்லி நம் குழுவில் கேட்டிருந்தீர்கள். மைதானத்தின் நீளம், கட்டணம் எல்லாம் தேடினால் கிடைத்துவிடும். நான் சொல்ல வருவது அங்கே என்னோடு சேர்ந்து ஆடியவர்களைப் பற்றி.

என் யோசனை இதுதான்: தனியாகப் போங்கள். மூன்று பேர் பதிவு செய்த இடத்தில் நான்காவது ஆளாக உங்களைச் சேர்த்துவிடுவார்கள். முன்பின் தெரியாத மூன்று பேரோடு பதினெட்டு ஹோலும் (பந்தை அடித்துக்கொண்டே போய் ஒரு குழியில் போட்டு முடிப்பது ஒரு ஹோல்) நடக்க வேண்டும். அந்த நடைக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெர்சட் ஏரி மூன்று பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவில் மேடாக நிற்கும் நிலம். கடல் பக்கத்திலேயே. மைதானம் நகராட்சியின் சொத்து, திறந்தது 1925-இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் இறந்துபோன ஜனாதிபதி வாரன் ஹார்டிங்கின் பெயரை வைத்தார்கள். அவரும் கோல்ஃப் பைத்தியம்தான். அமைத்தவர்கள் வில்லி வாட்சனும் சாம் வைட்டிங்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிம்பிக் கிளப்பின் புகழ்பெற்ற மைதானமும் இந்த இருவரின் கைவண்ணமே. அது உறுப்பினர்களுக்கு மட்டும். இது காசு கட்டுகிற யாருக்கும்.

சென்னையில் வளர்ந்த எனக்கு அந்த வித்தியாசம் சாதாரணமாகப் படவில்லை. அண்ணா சாலையில் பஸ்ஸில் போகும்போது நந்தனம் பக்கம் மதிலுக்கு உள்ளே பச்சையாக ஏதோ தெரியும். அது என்ன என்று கேட்கக்கூடத் தோன்றியதில்லை, நமக்கு ஆகாத இடம் என்பது மட்டும் புரிந்தது. இங்கே கடைக்காரர், நர்ஸ், தச்சர், ஓய்வுபெற்ற ஆசிரியை எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு செப்டம்பர் காலையில் எனக்கு வாய்த்த மூவர்: நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர், இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்த ஒரு நர்ஸ், அவருடைய தம்பி. பெரியவர் மூன்று சக்கர வண்டியில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அதிகம் பேசமாட்டார். ஆனால் நடுவில் ஒரு ஹோலில் நர்ஸின் பந்து சைப்ரஸ் மரத்துக்குள் புகுந்து, கீழே விழாமலே போனபோது அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன்.

இங்குள்ள மான்டெரே சைப்ரஸ் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். கடற்காற்றில் உச்சி தட்டையாகி, இலை அடுக்கடுக்காக அடைந்து நிற்கும். பந்து உள்ளே போனால் வாங்கி வைத்துக்கொள்ளும். பந்து கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு: கணக்கில் ஒரு அடி (ஸ்ட்ரோக்) கூடும், அதுதான் அபராதம்; மறுபடி டீ வரை, அதாவது ஹோலைத் தொடங்கிய இடம் வரை, நடந்துபோய் அடிக்க வேண்டும். முன்பெல்லாம் தேட ஐந்து நிமிடம் தந்தார்கள்; 2019-இலிருந்து மூன்றுதான். நர்ஸ் திரும்பி நடக்கப் பார்த்தார். “கொஞ்சம் பொறும்மா” என்றார் பெரியவர். “உன் பந்தில் அடையாளம் ஏதாவது உண்டா?” பச்சை மையில் மூன்று புள்ளி வைத்திருப்பதாக நர்ஸ் சொன்னார்.

பெரியவர் பையிலிருந்து தூரம் அளக்கும் கருவியை எடுத்தார். குழியில் நட்டிருக்கும் கொடி எத்தனை கஜத்தில் இருக்கிறது என்று பார்க்கும் கருவிதான். அதில் உருப்பெருக்கும் கண்ணாடியும் உண்டு. மரத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கிளையாக அண்ணாந்து பார்த்தார். ஓர் இடத்தில் நின்று, கருவியை நர்ஸ் கையில் கொடுத்து, கிளைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். இரண்டு கிளை பிரியும் கவட்டையில் வெள்ளையாகப் பந்து, அதன் விளிம்பில் பச்சைப் புள்ளி இரண்டு. மூன்றாவது புள்ளி மறைந்திருந்தது. போதும். தன் பந்து என்று அடையாளம் தெரிந்துவிட்டால் அது தொலைந்த பந்து இல்லை, ஆட முடியாத பந்து. ஒரு அடி அபராதம் உண்டுதான், ஆனால் பந்துக்கு நேர் கீழே தரையில் எந்த இடமோ, அங்கிருந்து இரண்டு கிளப் (கோல்ஃப் மட்டை) நீளத்துக்குள், கொடிக்கு நெருங்காமல், வேறு பந்தைக் கீழே போட்டு ஆடலாம். டீக்குத் திரும்ப வேண்டியதில்லை. இரவு முழுக்க நின்ற கால்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

அப்புறம்தான் பெரியவர் வாய் திறந்தார். 1998-இல் அக்கரையில் ஒலிம்பிக் கிளப்பில் யு.எஸ். ஓப்பன் என்ற பெரிய போட்டி நடந்தபோது லீ ஜான்சன் என்ற ஆட்டக்காரரின் பந்தும் இப்படித்தான் சைப்ரஸில் மாட்டியதாம். தொலைந்தது என்று அவர் டீக்குத் திரும்பி நடந்துகொண்டிருக்கும்போது பந்து தானாகக் கீழே விழுந்தது. அந்த ஹோலில் பார் (அந்த ஹோலுக்கென்று வைத்த அடிக் கணக்கு) எடுத்தார், கடைசியில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் கோப்பையையும் எடுத்தார். அதே வாரம் ஹார்டிங் பார்க் என்னவாக இருந்தது தெரியுமா? ஒலிம்பிக்குக்கு வந்தவர்கள் கார் நிறுத்தும் இடம். அந்த அளவுக்குக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முன்னாள் தலைவர் சாண்டி டேட்டம்தான் விடாமல் மன்றாடி அதைப் புதுப்பிக்க வைத்தார். 2003-இல் மறுபடி திறந்தது.

பெரியவருக்கு மிகவும் பிடித்த பெயர் கென் வென்சூரி. இந்த மைதானத்தின் கடையைப் பார்த்துக்கொண்டவர்கள் வென்சூரியின் பெற்றோர். திக்குவாய் உள்ள பையன். யாரோடும் பேசாமல் தனியாக ஆடலாம் என்றுதான் கோல்ஃபுக்கு வந்தான். 1964-இல் யு.எஸ். ஓப்பன் வென்றார். பிற்காலத்தில் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் வர்ணனையாளராகப் பேசினார். தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய கடைசி வெற்றி 1966-இல், இதே ஹார்டிங் பார்க்கில். அதைச் சொல்லும்போது பெரியவர் நடையை நிறுத்திவிட்டார். “சொந்த வீட்டு முற்றத்தில்” என்றார். எனக்கும் தொண்டை அடைத்தது.

ஏரி? சொல்கிறேன். முதல் பாதியில் மரங்களுக்கு நடுவே அவ்வப்போதுதான் கண்ணில் படும். 14-ஆவது ஹோலிலிருந்துதான் கரையோரமாகவே நடை. ஆனால் நிலம் மேடு, தண்ணீர் நன்றாகக் கீழே. அதனால் பந்து ஏரியில் விழும் என்ற பயம் அநேகமாக 18-இல் மட்டும்தான். அங்கே ஏரியின் ஒரு மூலையைத் தாண்டி அடிக்க வேண்டும், ஃபேர்வே (கொடியை நோக்கிப் போகும் புல்வழி) இடப்பக்கமாக வளைந்து போகும். மற்ற இடங்களில் உங்களோடு ஆடுவது காற்றும் ஈரமும். குளிர்ந்த காற்றில் பந்து வழக்கமான தூரம் போகாது, காலைப் பனியில் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். வழக்கமாக எடுப்பதைவிட ஒரு கிளப் பெரியதாக எடுங்கள்.

சான் புருனோ அக்கா:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். புதிதாக ஆடுபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். பெரிய மைதானத்தின் நடுவிலேயே ஃபிளெமிங் என்று ஒன்பது ஹோல் மைதானம் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து இந்த ஊரில் பல மைதானங்களை அமைத்த ஜாக் ஃபிளெமிங்கின் பெயர். குறைந்த நேரம், குறைந்த செலவு. நான் ஆடத் தொடங்கியது அங்கேதான்.

அங்கே அப்பாவோடு வந்த பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி என்னோடு ஆடினாள். கிரீனில், அதாவது கொடி நிற்கும் வழவழப்பான புல்தரையில், பந்து விழுந்த இடத்தில் சின்னதாகக் குழி விழும் அல்லவா, அதைச் சரி செய்ய எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். நான் முள் கருவியைச் செருகி மண்ணை மேலே நெம்பப் போனேன். “அப்படிச் செய்தால் வேர் அறுந்துவிடும் ஆன்ட்டி” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். குழியின் விளிம்பில் முள்ளைச் செருகி, சுற்றிலும் இருக்கும் புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். அப்புறம் பட்டரின் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) அடிப்பாகத்தால் லேசாக அழுத்தினால் தடமே தெரியாது. தன்னுடையதை முடித்துவிட்டு, முன்னால் போனவர்கள் விட்டுப்போன இரண்டையும் உட்கார்ந்து சரி செய்தாள். இன்றுவரை நானும் அப்படித்தான் செய்கிறேன்.

நகரவாசி அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் மிகவும் குறைவு. ஊரில் குடியிருந்துகொண்டு அதை வாங்காமல் இருப்பது அநியாயம்.

மூடுபனி:

ஜூலை, ஆகஸ்ட் போகிறவர்கள் கட்டாயம் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். சான் ஹோசேயில் வெயில் கொளுத்தும், இங்கே மூடுபனியில் கொடிகூடத் தெரியாது. அப்படி ஒரு நாளில் என்னோடு ஆடிய தபால்காரர் ஒருவர் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடி, சத்தத்தை வைத்தே பந்து எந்தப் பக்கம் போனது என்று சொன்னார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது!

பெர்க்லிவாசி:

16-ஆவது ஹோலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2020 ஆகஸ்டில் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய தொழில்முறைப் போட்டி இங்கே நடந்தது, கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாமல். கடைசி நாள் காலின் மொரிகாவா, அப்போது 23 வயது, 16-இல் டிரைவரை (மிகத் தூரம் அடிக்கும் கிளப்) எடுத்து நேராகக் கிரீனுக்கே அடித்தார். பந்து கொடியிலிருந்து ஏழடி தூரத்தில் நின்றது. ஈகிள், அதாவது பாரைவிட இரண்டு ஸ்ட்ரோக் குறைவு. கடைசியில் இரண்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வெற்றி. பெர்க்லியில் படித்தவர், மாணவனாக இங்கே வந்து ஆடியவர் என்பதால் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கரவொலி எழுப்பத்தான் ஆள் இல்லை.

போன வசந்தத்தில் அந்த டீயில் நின்றோம். என்னோடு ஆடியவர்கள் கணவன், மனைவி, இருவரும் காது கேளாதவர்கள். அதுவரை சைகையிலும் புன்னகையிலுமே ஆட்டம் நடந்தது. 16-இல் அந்தப் பெண் எங்களை நிறுத்தி, மொரிகாவாவின் பந்து எப்படிப் போனது என்று கையால் காட்டினார்: உயரமாக எழுந்து, லேசாக வலப்பக்கம் சாய்ந்து, கிரீனுக்கு முன்னால் விழுந்து, உருண்டு. ஏழடி என்பதற்குத் தன் கால்களால் அளந்து நடந்து காட்டினார். பிறகு டிரைவரை எடுத்து அவரும் அடித்தார். பந்து கிரீனுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினோம். அதுதான் அவர்களுடைய கைதட்டல். மூன்று பேர் மட்டும் நின்ற அந்த டீயில், 2020-இல் கிடைக்காத கைதட்டல் கிடைத்துவிட்டதாகவே எனக்குப் பட்டது.

மேற்குக்கரை:

பெர்க்லிவாசி, படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நன்றி.

அக்கா சொன்ன ஃபிளெமிங் பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். ஆமாம், சொந்தமாக கிளப் இல்லாதவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அக்டோபர்தான் நல்ல மாதம், பனி விலகி ஏரி முழுதாகத் தெரியும். நம்மில் நால்வர் சேர்ந்து போகலாமா என்றும் ஒருவர் கேட்டார். தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டு இரண்டு பேராகப் பதிவு செய்வோம், மீதி இரண்டு இடத்துக்கு ஊர்க்காரர்கள் வரட்டும்.