படகு அறைக்கு டீசல் ஹீட்டர்: இரண்டு கிலோவாட் போதுமா, நான்கு வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஆலை ஃபிட்டர், சுங்கை சிப்புட், மலேசியா:

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், வாடகை கட்டி மாளாமல் கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்கியிருந்தபோது, செம்பனை ஆலைப் பட்டறையில் எஞ்சினோடும் பாய்லரோடும் காலம் கழித்த எனக்கு, அந்தப் படகின் டீசல் ஹீட்டரைப் பிரித்துப் பார்க்கவும் அதன் செலவைக் கணக்கிடவும் வாய்ப்புக் கிடைத்தது. அவனுடைய நண்பர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது, பெரியதாகவே வாங்கிவிடலாமா என்பதுதான். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கணக்கை டீசலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் அடங்கியிருக்கிறது. எபர்ஸ்பேக்கர் ஏர்ட்ரோனிக் டி2 என்ற சிறிய ஹீட்டர், உச்ச அளவில் 2.2 கிலோவாட் வெப்பம் தருவதற்கு மணிக்கு 0.28 லிட்டரும், மிகக் குறைந்த அளவில் 0.85 கிலோவாட் தருவதற்கு 0.10 லிட்டரும் எரிக்கிறது. வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு எட்டு யூனிட்டை ஒட்டி அறைக்குள் வந்து சேருகிறது. மீதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஓர் இயந்திரத்துக்கு இது மிக நல்ல விளைச்சல். இரவில் பத்து மணி நேரம் 1.2 கிலோவாட் அளவில் ஓடினால் 1.5 லிட்டர் செலவாகும். இரவும் பகலும் அதே அளவில் ஓட்டினாலும் நாளுக்கு 3.6 லிட்டர்தான் என்பதால், 20 லிட்டர் டீசல் ஐந்து நாளைத் தாண்டும்.

அதே வரிசையில் வரும் டி4 ஹீட்டர் 4 கிலோவாட் வரை தரும். அப்போது மணிக்கு 0.51 லிட்டர் எரிக்கும். ஆனால் அதன் மிகக் குறைந்த அளவு 0.9 கிலோவாட். சிறிய படகின் அறை சூடான பிறகு அதற்குத் தேவைப்படுவது ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான்; எனவே பெரிய ஹீட்டர் தன் திறனில் கால் பங்குக்கும் கீழே மணிக்கணக்கில் முனகிக்கொண்டிருக்கும். இரண்டு ஹீட்டரும் அந்த நிலையில் எரிக்கும் டீசல் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் நான்கு கிலோவாட்டுக்கென்று செய்த எரியறை போதிய அளவு சூடாகாமல் கரி பிடிக்கத் தொடங்குகிறது. அளவுக்குக் குறைந்த தீயில் ஓடும் பாய்லர் என்ன செய்யும் என்பது ஆலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

பக்கத்துப் படகில் இருந்த பெரிய ஹீட்டரை நான் கழற்றியபோது, தீ மூட்டுவதற்காக மின்சாரத்தில் பழுக்கும் குளோ பிளக்கைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி வலை முழுவதும் அடைத்து, விரலால் தேய்த்தால் உதிராத கெட்டிக் கரியாக இருந்தது. அந்த வலை வழியாகத்தான் டீசல் கசிந்து ஆவியாக வேண்டும். அது அடைந்தால் முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு தீயே பிடிக்காது. எந்த அளவு ஹீட்டராக இருந்தாலும் அவ்வப்போது அரை மணி நேரம் உச்ச அளவில் ஓடவிடுவது நல்லது. அதற்காக ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருந்தாலும் அந்தச் செலவு வீணில்லை.

டீசலைவிட முதலில் தீர்ந்துபோவது பேட்டரி. தீ மூட்டும்போது குளோ பிளக் 100 வாட் அளவுக்கு இழுக்கும். டி2 ஓடும்போது இழுப்பது 8 முதல் 34 வாட் வரைதான். ஆனால் பேட்டரி பழையதாக இருந்தாலோ ஒயர் மெல்லியதாக இருந்தாலோ, அந்தச் சில நிமிடங்களில் மின்னழுத்தம் சரிந்து ஹீட்டர் தானாகவே நின்றுவிடும். பழுது என்று என்னிடம் காட்டப்பட்டவற்றில் ஹீட்டரில் குறையே இல்லாமல் ஒயரைத் தடிப்பாக மாற்றியதும் ஓடியவை உண்டு.

தோட்டத்துப் பெண், இப்போது ஸ்காட்லாந்தில்:

ஐயா சொன்ன கணக்கோடு புகைக்குழாயைப் பற்றியும் சேர்க்க விரும்புகிறேன். நானும் கணவரும் பாய்மரப் படகில் குளிர்காலம் கழித்தபோது, ஹீட்டரைப் பொருத்திக் கொடுத்தவர் புகைக்குழாயின் இணைப்பைச் சரியாக இறுக்கவில்லை. ஹீட்டர் நன்றாகவே ஓடியது, அறையும் இதமாக இருந்தது, கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியிருக்காவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. எரியும் காற்றும் அறைக்குள் வரும் சூடான காற்றும் வெவ்வேறு வழியில் போவதுதான் இந்த ஹீட்டரின் பெருமை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் பிறக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்கூட ஆவியாக வெளியே போய்விடுவதால், எரிவாயு அடுப்பை எரித்துக் குளிர் காய்பவர்களின் படகைப் போலச் சுவரெல்லாம் நீர் வழிவதில்லை. அந்தப் பிரிவு குழாய் இணைப்புகளை நம்பியே நிற்கிறது என்பதால், ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் அவற்றைக் கையால் அசைத்துப் பார்த்துவிடுங்கள்.

லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்:

அண்ணே, என் தம்பி மகனும் படகு பார்க்கிறான். எஞ்சினுக்கும் ஹீட்டருக்கும் ஒரே தொட்டியாக இருந்தால், இரவு முழுக்க ஹீட்டர் ஓடிக் காலையில் எஞ்சினுக்கு டீசல் இல்லாமல் போகாதா?

ஆலை ஃபிட்டர்:

நல்ல கேள்வி, தம்பி. ஹீட்டருக்கு எஞ்சின் குழாயிலிருந்து கிளை எடுக்கவே கூடாது. எஞ்சின் ஓடும்போது அந்த இழுப்பில் ஹீட்டருக்குக் காற்று ஏறிவிடும். தொட்டியின் மேற்புறத்தில் தனியாகத் துளையிட்டு மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, அதன் நுனி எஞ்சின் குழாயின் நுனியைவிட நன்றாக உயரத்தில் நிற்கும்படி வெட்டச் சொல்லுங்கள். டீசல் அந்த மட்டத்துக்கு இறங்கியதும் ஹீட்டர் நின்றுவிடும். கரை சேர எஞ்சினுக்கு வேண்டியது அடியில் மிச்சமிருக்கும்.