கடவுச்சொற்களைச் சங்கேத எழுத்தில் மாற்றி வைத்தால் போதாதா?

வடகரை வாத்தியார்:
என் வங்கிக் கணக்கு எண்கள், பின் நம்பர்கள், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் கைப்பேசியின் குறிப்புச் செயலியில்தான் வைத்திருக்கிறேன். ஆனால், உள்ளபடியே அல்ல. ஒவ்வோர் எழுத்துக்கும் வேறோர் எழுத்து, ஒவ்வோர் இலக்கத்துக்கும் வேறோர் இலக்கம் என்று நானே வகுத்த அட்டவணைப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். வெளியூரில் இருக்கும் மகனுக்கு முக்கியமான செய்திகளையும் அப்படியே அனுப்புகிறேன். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை இடம் மாற்றினாலே அமையக்கூடிய அட்டவணைகளின் எண்ணிக்கை, 4-க்குப் பின் 26 பூஜ்ஜியங்கள் இட்டால் வரும் அளவு. அமெரிக்க அரசு 1977இல் தரமாக ஏற்ற டி.இ.எஸ். என்ற சங்கேத முறைக்கே 7-க்குப் பின் 16 பூஜ்ஜியங்கள் அளவுக்குத்தான் சாவிகள் (மறைத்ததைத் திறக்கும் ரகசிய எண்கள்) உண்டு. அப்படியிருக்க, கடவுச்சொற்களைப் பூட்டிவைக்க, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய செயலியை நான் எதற்காக நம்ப வேண்டும்?

கணிப்பொறியன்:
ஐயா, உங்கள் கணக்கு சரி. ஆனால் திருடன் அந்த அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பான் என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். டி.இ.எஸ். முறையை 1998இல் உடைத்த எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு, சாவிகளை வரிசையாக முயல்வதற்கென்றே ஓர் இயந்திரத்தைக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு மூன்று நாளுக்கும் குறைவாகவே பிடித்தது என்பது வேறு விஷயம். மாற்றெழுத்து முறைக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. எழுத்தின் உருவம் மாறினாலும் அது எத்தனை முறை வருகிறது, எதன் பக்கத்தில் வருகிறது என்பவை மாறுவதில்லை. அதை வைத்தே படித்துவிடலாம் என்று பாக்தாதில் இருந்த அறிஞர் அல்-கிந்தி 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 30 எழுத்துகள் இருந்தாலே ஒரே ஒரு விடைதான் பொருந்தும் என்று 1949இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணித்துக் காட்டினார். உங்கள் மகனுக்குப் போகும் ஒரு செய்தியே அதைவிட நீளமாக இருக்கும்.

வடகரை வாத்தியார்:
தம்பி, நீங்கள் சொல்வதெல்லாம் 26 எழுத்து மொழிக்கு. நான் எழுதுவது தமிழில், 247 எழுத்துகள். நடைமுறைக்கும் ஒரு சான்று தருகிறேன். சிசிலி மாஃபியாவின் தலைவர் பெர்னார்டோ புரொவென்ஸானோ 1963இல் தலைமறைவானவர். துண்டுச்சீட்டுகளில் பெயர்களை எண்களாக எழுதியே ஆட்களை நடத்தி, 2006 ஏப்ரலில்தான் பிடிபட்டார். அப்போதும் அவரைக் காட்டிக்கொடுத்தது சங்கேதம் அல்ல. வீட்டிலிருந்து அவருக்குப் போன சலவைத் துணிப் பொட்டலம்.

செங்கமலம்:
247 என்ற வாதத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கணினியில் தமிழ் 247 தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதில்லை. யூனிகோடில் 'க்' என்பது 'க' ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறிகள். அந்தப் புள்ளியை வேறொரு குறியாக மாற்றினாலும், அது வரும் எண்ணிக்கையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஒற்று மிகும் இடங்களைப் பாருங்கள். க், ச், த், ப் ஆகியவை சொல்லின் இறுதியில் நின்றால், அடுத்த சொல் பெரும்பாலும் அதே வல்லினத்தில்தான் தொடங்கும். உங்கள் முதல் பதிவிலேயே 'வங்கிக் கணக்கு' இருக்கிறது, 'குறிப்புச் செயலியில்' இருக்கிறது. ஒரு சொல்லின் கடைசிப் புள்ளிக்கு முந்தைய குறியும் அடுத்த சொல்லின் முதல் குறியும் ஒன்றாகவே வரும் இடங்களைக் குறித்துக்கொண்டால், இந்த நான்கு எழுத்துகள் முதலில் சிக்கிவிடும். 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறி வைத்தால் சற்று நீண்ட செய்தி தேவைப்படும். ஆனால் 'ப்' முடிவுக்குப் பின் பெரும்பாலும் ப, பா, பி வரிசைதான் வரும் என்பது மாறாது. சந்திப் பிழையில்லாமல் எழுதுகிறவர்தான் இங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார் என்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

கணிப்பொறியன்:
புரொவென்ஸானோ தரப்புச் சீட்டு ஒன்றில் '512151522 191212154' என்று இருந்தது. 21 எழுத்து இத்தாலிய அகரவரிசையில் 'ஏ'க்கு 4, 'பி'க்கு 5 என்று தொடங்கி எண்ணினால், 5, 12, 15, 15, 22 என்பது 'பின்னு' (புரொவென்ஸானோவின் செல்லப்பெயர்), அடுத்தது 'ரீனா' (இன்னொரு மாஃபியா தலைவரின் பெயர்). இதற்குக் கணினிகூட வேண்டாம். அவரைக் காப்பாற்றியது எண்கள் அல்ல. கைமாறிப் போய், படித்ததும் அழிக்கக்கூடிய, வேறு பிரதி இல்லாத தாள்தான். நீங்கள் கைப்பேசியில் தட்டும் குறிப்போ சேவையகத்துக்குப் போகிறது, காப்புப்பிரதியாகிறது, பழைய கைப்பேசியிலும் தங்குகிறது. ஒரே அட்டவணையில் எழுதிய எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. இந்த முறையை உடைக்க எதிராளிக்கு வேண்டியதும் அதுதான்.

வடகரை வாத்தியார்:
செய்திகளைப் பொறுத்தவரை விட்டுவிடுகிறேன். ஆனால் கடவுச்சொல்லில் மொழியே இல்லையே? பொருளற்ற எழுத்துக் கோவையில் எது அடிக்கடி வருகிறது என்று எண்ணி என்ன கண்டுபிடிப்பீர்கள்?

கணிப்பொறியன்:
நல்ல கேள்வி ஐயா. தனியாகக் கிடைக்கும் பொருளற்ற கடவுச்சொல்லில் எண்ணிக்கைக் கணக்கு செல்லாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் குறிப்பில் அது தனியாக இல்லை. கணக்கு எண்ணும் பின் நம்பரும் இலக்கங்களுக்கான அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. கணக்கு எண் ரகசியமன்று. காசோலையில் அச்சாகியிருக்கிறது, பணம் அனுப்புவோருக்கு நாமே கொடுக்கிறோம். அதைக் குறிப்பில் இருக்கும் மாற்று வடிவத்தின் கீழே வைத்து ஒப்பிட்டால், பத்து இலக்கங்களில் பெரும்பாலானவை எவையாக மாறின என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த வரியில் இருக்கும் நான்கு இலக்க பின் நம்பரைப் பெரும்பாலும் அப்படியே படிக்கலாம். ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து உங்கள் கடவுச்சொல் ஒன்று கசிந்தாலும் எழுத்து அட்டவணைக்கு இதே கதிதான். ஏ.இ.எஸ். போன்ற இன்றைய சங்கேத முறையில் மூலமும் மறைவடிவமும் சேர்ந்தே ஒருவன் கையில் கிடைத்தாலும் சாவி கிடைக்காது. அந்த முறை ஊரறிய வெளியிடப்பட்டது. சாவி மட்டுமே ரகசியம். அதைக் கொண்டு கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் கீபாஸ் வகைச் செயலிகளின் மூலநிரலும் எவரும் படிக்கத் திறந்தே இருக்கிறது. கோப்பும் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும்.

வடகரை வாத்தியார்:
வீட்டில் வேலையாளோ விருந்தாளியோ எட்டிப் பார்த்தால் புரியாமல் இருக்க என் அட்டவணை உதவும் என்பதில் எனக்கு இன்னமும் மாற்றுக் கருத்து இல்லை. கீபாஸ் வைத்தால், அதன் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்த அன்றைக்கு என்ன செய்வது?

செங்கமலம்:
தாளில் எழுதி, உறையிலிட்டு, பீரோவுக்குள் பூட்டி வையுங்கள். எங்கே இருக்கிறது என்று மகனுக்கும் சொல்லிவையுங்கள். எட்டிப் பார்ப்பவர்களுக்காக அந்த ஒரு வரியை மட்டும் உங்கள் அட்டவணைப்படி எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைக்காதீர்கள்.

கணிப்பொறியன்:
அத்துடன் பழைய குறிப்பை அழித்தால் மட்டும் போதாது ஐயா, அதன் காப்புப்பிரதிகள் எங்கெங்கு இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. பின் நம்பர்களையும் கடவுச்சொற்களையும் புதிதாக மாற்றிவிட்டு, புதியவற்றை மட்டும் கீபாஸில் ஏற்றுங்கள். வங்கியோடு தொடர்புடையவற்றை முதலில் மாற்றுங்கள்.