வாட்ச் மூடியில நம்பர் ஒண்ணு, உள்ள மெஷின் வேற: உங்களுக்கும் நடந்திருக்கா?

குளச்சல்காரன்:
அப்பா குவைத்துல இருந்து கொண்டு வந்த சீக்கோ 5 வாட்ச். பின்மூடியில மெஷின் மாடல் 6309னு இருக்கு, சீரியல் 1-ல தொடங்கும், அதாவது 1981-ல செஞ்சது. அப்பா போன பிறகு ஓடாம கிடந்துதுன்னு மார்த்தாண்டத்துல ஒரு கடையில சர்வீசுக்குக் கொடுத்தேன். நல்லாத்தான் ஓடிச்சு. ரெண்டு வருசம் கழிச்சு கண்ணாடி மாத்த வடசேரியில ஒரு பெரியவர்ட்ட போனேன். மூடியைத் திறந்தவரு கண்ணுல இருந்த லென்சை எடுக்காமலே, "இதை யாருட்ட குடுத்தே மக்ளே?"ன்னு கேட்டாரு. எனக்கும் காட்டினாரு. மெஷின்ல 7எஸ்26, 21 ஜுவல்னு பொறிச்சிருக்கு (ஜுவல்னா தேய்மானம் குறைக்க உள்ள பதிக்கிற கல்). 6309-க்கு 17 ஜுவல்தான். 7எஸ்26 வந்ததே 1996-ல. அப்பா ஊருக்குத் திரும்பினது 89-ல. அவரு கை அசைய அசைய அத்தனை வருசம் சுத்தி சாவி ஏத்தின ரோட்டர் இப்ப எந்த டப்பாவுல கிடக்கோ. களவுதான் இது.

தக்கலை:
எனக்கு எச்.எம்.டி. பைலட் வாட்ச்ல நடந்துது, கறுப்பு டயல். 2016-ல கம்பெனியை மூடப்போறாங்கன்னு சேதி வந்ததும் விலை ஏறிச்சே, அப்ப "பழைய ஸ்டாக், கையில கட்டாதது"ன்னு நாகர்கோவில்ல ஒருத்தர் தந்தாரு. மூடி, மெஷின் எல்லாம் எச்.எம்.டி.தான். மூணே மாசத்துல டயல்ல 6-ம் நம்பர் பக்கம் கறுப்பு பெயிண்ட் செதில் செதிலா எழும்பிச்சு. அடியில வெள்ளை டயல், அதுமேலதான் கறுப்பு அடிச்சிருக்காங்க. மூடியை மட்டும் பார்த்து வாங்கினது என் தப்பு.

வாட்ச்பிரியன்:
குளச்சல் அண்ணாச்சி, உங்க சங்கடம் புரியுது. ஆனா களவுன்னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. 6309-க்குப் பார்ட்ஸ் கிடைக்காம 7எஸ்26-ஐ ஏத்துறது நிறைய கடையில நடக்குது. அதுவும் சீக்கோ மெஷின்தானே.

எங்க மாமாவோட பழைய ஒமேகாவுல இந்தக் குழப்பமே வரல. அதுல நம்பர் மெஷின் மேலேயே இருக்கும், பழைய பில்லோட ஒத்துப் பார்த்துட்டோம். சீக்கோவுல வரிசை எண் மூடியில மட்டும்தான். மெஷின்ல காலிபர் நம்பர், அதாவது 6309 மாதிரி மாடல் நம்பர்தான் இருக்கும். அதனால ஒரு 6309-ஐ எடுத்துட்டு வேற 6309-ஐப் போட்டிருந்தா யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. சீரியல்ல முதல் எழுத்து வருசத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி. பத்தாண்டு எதுன்னு அது சொல்லாது, காலிபரை வச்சுத்தான் முடிவு பண்ணணும். எல்லாரும் இனிமே சர்வீசுக்குக் கொடுக்கும்போது கடைக்காரர் முன்னாலயே மூடியைத் திறக்கச் சொல்லி மெஷினைப் போட்டோ எடுங்க. பில்லுல மூடி நம்பர், மெஷின் நம்பர் ரெண்டையும் எழுதி வாங்குங்க. கழட்டின பார்ட்ஸைக் கேட்டு வாங்கிடுங்க.

குளச்சல்காரன்:
பார்ட்ஸ் இல்லன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. "ஆயில் போட்டாச்சு"ன்னுதான் சொன்னாரு, பில்லுலயும் சர்வீஸ்னுதான் இருக்கு. யார்கிட்டயாவது 6309 மெஷின் இருந்தா சொல்லுங்க, ஓடாததுன்னாலும் பரவால்ல. வடசேரி பெரியவர் ஏத்தித் தரேன்னு சொல்லியிருக்காரு.