அந்திப்பீலி: ராக்கெட் வெளிச்சத்துக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

அந்தி வேளையில் ஏவிய ராக்கெட்டின் பின்னால் வானில் விரியும் வெளிச்சத்துக்கு நீங்கள் சொன்ன 'விண்தழல்' கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனம் ஒப்பவில்லை. அங்கே தழலே கிடையாது. 2022 ஜூலை 30 இரவு கூச்சிங்கில் பலர் படம்பிடித்தார்களே, அது தழல்: சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் மையக்கட்டம் வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்து சிதறியது. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு.

தரையில் இருட்டிவிடுகிறது, இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது. அங்கே போகும் ராக்கெட் கக்கும் வளிமம், அழுத்திப் பிடிக்கக் காற்று இல்லாததால் தாராளமாக விரிகிறது. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் கட்டம் என்றால் அது பெரும்பாலும் நீராவி. உறைந்து பனித்துகளாகவும் ஆகும். அதன்மேல் சூரிய ஒளி பட்டுச் சிதறும்போது, முன்னால் கூரிய ஒரு புள்ளி, பின்னால் அகன்றுகொண்டே போகும் பால்வெண்மை. எரிவதல்ல, ஒளி படுவது.

பினாங்குக்காரர்களுக்கு இது எட்டாத காட்சியும் அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிழக்கே ஏவப்படும் இந்தியாவின் ஜிஎஸ்எல்வி ராக்கெட் அந்தமான் கடல் பக்கமாகத்தான் வருகிறது. 2024 பிப்ரவரி 17 அன்று இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோளுடன் அது கிளம்பியது இந்திய நேரம் மாலை 5:35. இங்கே இரவு 8:05, சூரியன் மறைந்து அரை மணிதான் ஆகியிருக்கும். இப்படிப்பட்ட நாள்களில் மேகம் மட்டும் விலகிக்கொடுத்தால், வடக்கு பார்த்த பத்து பெரிங்கி கடற்கரையைவிட நல்ல இடம் வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை: அந்திப்பீலி.

அந்தி மாலை மட்டும்தானே, விடியலுக்கு முன் ஏவினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். புறநானூற்றின் 34ஆம் பாடல் 'காலை அந்தியும் மாலை அந்தியும்' என்கிறது. இரண்டுக்கும் உரிய சொல்லை நாம்தான் பாதியாக்கிவிட்டோம். பீலியை விளக்கவே வேண்டாம். தைப்பூசத்தில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் மயில் காவடியைப் பார்த்தவர்களுக்கு, அடியில் குறுகி மேலே விரியும் அந்த வடிவம் கண்முன் நிற்கும். 'வான் சொறிமுட்டை' (சொறிமுட்டை என்றால் ஜெல்லிமீன்) 'space jellyfish' என்ற ஆங்கிலச் செல்லப்பெயரின் நேர்ப்பெயர்ப்பு, கட்டுரைக்கு உதவாது.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. 2022 ஜூன் 19 அன்று நியூசிலாந்து வானில் தெரிந்தது, சுழன்றுகொண்டே மிச்ச எரிபொருளை வெளியேற்றிய ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 ராக்கெட் மேற்கட்டத்தின் கோலம். அதைச் 'சுருட்பீலி' எனலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஏவிய ஒன்பதாம் நிமிடத்தில் வடக்கே அந்திப்பீலி தெரிந்தது." நாக்கு இடறவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் பீலியை விட்டுத்தரச் சம்மதம். அந்தியை விடமாட்டேன், அந்த வேளை இல்லையென்றால் இந்தக் காட்சியே இல்லை.